சாவி மட்டும் கைமாறவில்லை

எங்கள் பள்ளி வேனை ஓட்டும் மீரான் மாமாவிடம் எதையும் மறைக்க முடியாது. பசியாறாமல் வந்தது யார், வீட்டுப்பாடம் செய்யாதது யார் என்று வேனில் ஏறும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அது போதாதென்று, கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துவிடுவார். கடைப் பலகை, ரொட்டி உறை, முன்னால் போகும் லாரியில் ஒட்டிய விளம்பரம், எதையும் விடமாட்டார். சிவப்பு விளக்கில் வேன் நின்றால் என் மடியில் இருக்கும் கட்டுரையும் தப்பாது.

"என்னம்மா நஸீஹா, போன வாரம் 'நான் ஒரு குடை'. இந்த வாரம் 'நான் ஒரு காலணி'. ரெண்டும் ஒரே கடையிலதான் பிறந்துச்சா?"

"மாமா! ரோட்டப் பாத்து ஓட்டுங்க!"

"வண்டி நிக்குதுலா. அதான் படிக்கிறேன்."

நான் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். என் தம்பி ஐமான் முதலாம் ஆண்டு. எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமில் எங்கள் அத்தா, சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை ஒன்று வைத்திருக்கிறார். பள்ளி முடிந்ததும் மாமா எங்களைக் கடை வாசலில்தான் இறக்கிவிடுவார். ஆனால் ஐமான் அதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருப்பான். மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வருவார்.

"முஸ்தஃபா, உங்க அரிசி மூட்டை வந்திருச்சு! எங்க இறக்க?"

தினமும் இதே வசனம்தான். தினமும் அத்தா சிரிப்பார். அவனைப் பின் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாமா ஓடுவார். டவுனில் அடுத்த நடைப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அந்த அடுத்த நடையில்தான் ஹேமா இருந்தாள். எனக்கு அவள் நல்ல தோழி. ஆனால் நான் அவளைப் பார்த்ததே இல்லை!

அவள் படிப்பது வேறு பள்ளி. நாங்கள் இறங்கிய பிறகுதான் அவர்கள் ஏறுவார்கள். ஒருநாள் பின் இருக்கையின் பையில் ஊதா நிறக் கூந்தல் கிளிப் ஒன்று கிடந்தது. 'இது யாருடையது?' என்று எழுதி அங்கேயே வைத்தேன். மறுநாள் கிளிப் இல்லை. 'என்னுடையது. ரொம்ப நன்றி. நான் ஹேமா' என்ற சீட்டும் ஒரு முறுக்கும் இருந்தன. முறுக்கை ஐமான் தின்றுவிட்டான். சீட்டை நான் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த இருக்கைப் பைதான் எங்கள் தபால் நிலையம். ஆனால் தபால்காரர் யார்? மீரான் மாமா! மதியம் வேனைக் கூட்டிப் பெருக்கும்போது எங்கள் சீட்டுகளை ஒன்று விடாமல் படித்துவிடுவார்.

"ஹேமாவுக்குக் கணக்குல எண்பத்தெட்டாமே. நீ எத்தன?" என்று காலையில் கேட்பார். இது என்ன நியாயம்?

அதனால் நாங்கள் ஒரு ரகசிய மொழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் பதிலாக, க, ங, ச, ஞ வரிசையில் அதற்கு மூன்று இடம் தள்ளி இருக்கும் எழுத்தைப் போடுவோம். 'ம' என்றால் ய, ர, ல என்று எண்ணி 'ல' போட வேண்டும். வரிசை முடிந்துவிட்டால் மறுபடி 'க'விலிருந்து எண்ண வேண்டும். வரிசையில் இல்லாத ஸ, ஹ மட்டும் அப்படியே இருக்கும். 'நன்றி' என்று எழுதினால் 'யச்ஙி' ஆகிவிடும். 'மாமா' எப்படி ஆகும் தெரியுமா? 'லாலா'!

வேனில் அதை எழுதிப் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ஐமானே விழித்துக்கொண்டான்.

ஹேமாவுக்கு இந்த முறை தெரிய வேண்டுமே? 'எண் மூன்று, தள்ளிப் படி' என்று இன்னொரு சீட்டில் எழுதி, அதே இருக்கைப் பையில் வைத்தேன். புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

மறுநாள் மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு.

"ஏம்மா நஸீஹா, யாரும்மா அந்த லாலா? ரோட்டப் பாக்காம கட்டுரை படிக்கிறாராமே?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"பூட்டு போட்டீங்க, சரி. சாவியையும் பக்கத்துலயே வச்சா எப்படிலா?" என்று சொல்லிவிட்டு, வழி முழுக்கத் தானாகவே சிரித்துக்கொண்டு வந்தார்.

அப்போதெல்லாம் அது வெறும் விளையாட்டுதான். பிறகுதான் அந்த மழை வந்தது.

அன்று பள்ளி முடிந்து வரும்போது வானமே கிழிந்ததுபோல் கொட்டியது. ஆயர் ஈத்தாமில் ஆறு பொங்கித் தண்ணீர் சாலைக்கு ஏறிவிட்டது. நடுவழியில் வேன் நின்றுபோனது. கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அழுதேன்.

மாமா மட்டும் அழவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.

"யாருக்கெல்லாம் யானை சவாரி வேணும்? வரிசையா வாங்க. ஐமான், நீதான் முதல். காதப் புடிச்சுக்கோ. முடியப் புடிக்காத, இருக்கறதே கொஞ்சம்தான்!"

ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு, பக்கத்து அடுக்குமாடியின் படிக்கட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். மறுபடி தண்ணீரில் இறங்கி வேனுக்குப் போனார். மறுபடி வந்தார். என்னையும் தூக்கினார். கடைசிப் பிள்ளை வந்து சேர்ந்ததும் படியில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. 

வெள்ளத்தில் மாமாவின் பை போய்விட்டது. அது சாதாரணப் பை இல்லை. ஓட்டுநர் இருக்கையின் பின்னால் எப்போதும் தொங்கும். காலுறை மறந்தவருக்குக் காலுறை, பொத்தான் அறுந்தவருக்கு ஊக்கு, பென்சில், ரிப்பன், சொங்கோக் தொப்பி, வாந்தி எடுப்பவருக்குப் பிளாஸ்டிக் பை, எல்லாம் அதில் இருக்கும். மறந்து வந்த எங்களை அந்தப் பை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. கொடுத்ததை மாமா ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

வேன் சரியாகி வந்த அன்று அத்தா நன்றி சொல்ல அதன் அருகே போனார். "மீரான் அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள், "ஆமாமா, நேரமாச்சு, நேரமாச்சு" என்று வேனைக் கிளப்பிவிட்டார்.

மாமா அப்படித்தான். யாராவது நன்றி சொன்னால் ஓடிவிடுவார். போன ஆண்டு பெற்றோர்கள் சேர்ந்து பள்ளியில் அவருக்கு மாலை போட நினைத்தார்கள். முதல் நாளே அது அவர் காதுக்கு எட்டிவிட்டது. அவ்வளவுதான், 'காய்ச்சல்' என்று வரவே இல்லை. அவருடைய அக்கா மகன் அப்துல் ரஹீம் அண்ணன்தான் வேன் ஓட்டினார். அன்று சாயங்காலம் நாங்கள் பாசார் சந்தையில் பார்த்தபோது, காய்ச்சல்காரர் ஐஸ் போட்ட செண்டோல் குடித்துக்கொண்டிருந்தார்!

இப்போது இன்னொரு செய்தி வந்தது. கெப்பாலா பத்தாஸில் இருக்கும் மாமாவின் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. இந்த ஆண்டு முடிந்ததும் மாமாவும் மாமியும் அங்கேயே குடிபோகிறார்கள். பள்ளியின் கடைசி நாள்தான் மாமா வேன் ஓட்டும் கடைசி நாள்.

 நன்றி சொல்லாமலே அவரை அனுப்பிவிடுவோமா?

"கடைசி நாள் நம்ம கடையில ஒரு மாக்கான் விருந்து வச்சிடலாம்," என்றார் அத்தா. "ரெண்டு நடைப் பிள்ளைங்களும் வரட்டும்."

"அந்தப் பை மாதிரியே புதுசா ஒரு பை கொடுப்போம் அத்தா! ஆளுக்கு ஒரு பொருள் போடணும்," என்றேன் நான்.

"ஆனா அண்ணனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா காய்ச்சல் வந்துடும்," என்றார் அம்மா. "இருங்க, ஹேமா அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்."

அம்மாவுக்குத் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது. எதுவானாலும் குரல் செய்திதான். கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, "மீரான் அண்ணனுக்குத் தெரியாம ஒரு விஷயம் செய்யப் போறோம், யாரும் வெளியே சொல்லிடாதீங்க..." என்று நீட்டி முழக்கிப் பேசி, அனுப்பியும்விட்டார்.

அத்தா எட்டிப் பார்த்தார். "ஆயிஷா! வேன் குரூப்புல போட்டுட்டே! அந்த குரூப்ப ஆரம்பிச்சதே அவருதான்!"

"யா அல்லாஹ்!"

கைப்பேசி சூடான தோசைக்கல் மாதிரி அம்மா கையில் துள்ளியது. எப்படியோ செய்தியை அழித்துவிட்டார். நல்லவேளையாக மாமா அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, "உங்கம்மா ஏதோ அனுப்பி அழிச்சிருக்காங்களே, என்னவாம்?" என்று மட்டும் கேட்டார்.

"ரசம் வைக்கிற முறை மாமா," என்றேன். வேறு என்ன சொல்வது?

"தனியா அனுப்பிப் பாக்கவா?" என்று வீட்டில் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"உன் 'தனியா' எப்படி இருக்கும்னுதான் பார்த்தோமே," என்றார் அத்தா. "போன் வேணாம். நஸீஹா, நீயும் ஹேமாவும் ஏதோ எழுதிக்குவீங்கல்ல? நீங்களே பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எப்படி? எங்கள் ரகசிய மொழிதான் மாமாவுக்குத் தெரியுமே. வேறு எண்ணுக்கு மாறலாம்தான். அந்தப் புது எண்ணை ஹேமாவுக்கு எப்படிச் சொல்வது? அதுவும் அதே வேனில்தானே போக வேண்டும்? மாமா கையில் படாமல் எதுவும் ஹேமாவிடம் போய்ச் சேராது. யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது. கடைசி நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை கடையை மூடும் நேரம். அத்தா முன்னாடியே வீட்டுக்குப் போய்விட்டார். கடையில் வேலை செய்யும் ஷஃபீக் அண்ணன் கடைசியாகத் தட்டுகளை அடுக்கிவிட்டு, வாசல் கிரிலை இழுத்துச் சாத்தினார். அதில் வாயைத் திறந்தபடி தொங்கிய பூட்டை ஓர் அழுத்து அழுத்தினார். 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"அண்ணே, சாவி எங்க?" என்று கேட்டேன்.

"சாவி எனக்கு எதுக்குலா? உங்கத்தா பாக்கெட்ல இருக்கும். காலையில அவருதானே வந்து திறக்கறாரு. பூட்டறதுக்கு ஒரு அழுத்து போதும்."

நான் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதைத் தினமும் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் உறைத்தது. பூட்டுவதற்குச் சாவி வேண்டாம்! திறப்பதற்குத்தான் வேண்டும்!

"அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே!" என்று கத்தினேன்.

"நான் என்ன செஞ்சேன்?" என்று பாவம், அவர் விழித்தார்.

மறுநாள் அத்தாவின் பழைய இரும்புப் பெட்டி ஒன்றைத் துடைத்து வேனுக்கு எடுத்துப் போனேன். அதில் ஒரு சின்னப் பூட்டு, திறந்தபடியே தொங்கியது. சாவி என் பென்சில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"என்னம்மா இது, புதையலா?" என்றார் மாமா.

"ஹேமாவுக்கு மாமா. திறந்து பாருங்களேன்."

மாமா திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சீட்டு மட்டும் இருந்தது. 'ஹேமா, எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை உள்ளே போட்டுப் பூட்டை அழுத்து.' அதையும் உரக்கப் படித்தார். படிக்கட்டும்! அதில் மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டு நாள் கழித்து, காலையில் பெட்டி எனக்காகக் காத்திருந்தது. 'டக்' என்று பூட்டியபடி!

மாமா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். இருக்கைப் பையைத் துழாவினார். "சாவிய எங்கம்மா ஒளிச்சு அனுப்புனே?"

"அனுப்பவே இல்லையே மாமா. சாவி இந்த வேனுல ஹேமாகிட்ட போகவே இல்ல."

"அப்புறம் அந்தப் பொண்ணு எப்படிப் பூட்டுச்சு?"

"அழுத்துனா பூட்டிக்கும்."

 பச்சை விளக்கு விழுந்தும் வேன் நகரவில்லை. பின்னால் ஒரு கெரேத்தா ஹாரன் அடித்தது.

"அடேயப்பா!" என்றார் கடைசியில். "நான் நடுவுல உக்காந்திருந்தும் ஒண்ணும் செய்ய முடியலயே! கெட்டிக்காரிலா நீ!" தன்னால் படிக்க முடியவில்லையே என்று அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. என்னைவிட அவருக்குத்தான் அதிகச் சந்தோஷம்.

பள்ளியில் இறங்கியதும் பெட்டியைத் திறந்தேன். ஹேமா பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அவளுக்கும் மாமா ஊரைவிட்டுப் போவது தெரிந்திருந்தது. அவளும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுடைய அப்பா காசிவிஸ்வநாதன் ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை ஹேமா இப்படி எழுதியிருந்தாள்:

'நம் முதல் ரகசிய மொழியில், மாற்றி எழுதவும் மூன்றுதான், திருப்பிப் படிக்கவும் மூன்றுதான். இரண்டு பேரிடமும் ஒரே சாவி. இதற்குச் சமச்சீர் குறியாக்கம் என்று பெயராம். வேகமாக எழுதலாம், ஆனால் சாவியை ரகசியமாகக் கொடுக்க வழி வேண்டும். உன் பெட்டி வேறு வகை. பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு வேறொன்று. பூட்டை ஊருக்கே கொடுக்கலாம். சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இது சமச்சீரற்ற குறியாக்கம். இணையத்தில் பணம் அனுப்பும்போதும் நாம் கைப்பேசியில் பேசும்போதும் உள்ளே இந்த இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றனவாம். அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். நானும்தான்!'

இரண்டும் சேர்ந்தா? எப்படி என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் புரிந்தது.

என் பூட்டை வைத்து ஹேமா எனக்கு எழுதலாம். நான் அவளுக்கு எழுத வேண்டுமானால்? அவளுடைய பூட்டு எனக்கு வேண்டும்! அவள் வாய் திறந்த பூட்டு ஒன்றை அனுப்பினாள். அதன் சாவி அவளிடம். நான் ஒரு சின்னச் சீட்டைப் பெட்டியில் போட்டு, அவள் பூட்டை அழுத்தினேன். சீட்டில் 'இனி எண் பதினொன்று' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

ஹேமா திருப்பி அனுப்பிய காலிப் பெட்டியில் மறுபடி என் பூட்டைத் திறந்தபடியே மாட்டி, வேனிலேயே வைத்தேன். அதன் பிறகு பெட்டியே தேவைப்படவில்லை. பதினொன்று எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். பழைய மாதிரி இருக்கைப் பையிலேயே சீட்டுகள் போயின, வந்தன. மாமா மூன்று தள்ளிப் பார்த்தார். வாய்க்குள்ளேயே நுழையாத ஏதோ ஒன்று வந்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

எழுதிக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? எங்கள் நடையில் ஆளாளுக்கு ஊக்குதான் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஹேமாவின் நடையிலும் ஊக்கு! அப்படியே விட்டிருந்தால் பை நிறைய ஊக்குதான் இருந்திருக்கும். நாங்கள் பேசிப் பிரித்துக் கொடுத்தோம். ஒருவருக்குக் காலுறை, ஒருவருக்கு ரிப்பன், ஒருவருக்குச் சொங்கோக். பையைத் தைத்துத் தருவதாக ஹேமாவின் அம்மா பொன்னம்மை ஒத்துக்கொண்டார்.

கடைசி நாள் வந்தது.

திட்டம் இதுதான். ஹேமாவின் நடைப் பிள்ளைகளை அவர்களின் பெற்றோர்களே பள்ளியிலிருந்து அழைத்து, மாமாவுக்கு முன்னால் எங்கள் கடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மாமாவைக் கடைக்குள் கொண்டுவருவது ஐமானின் பொறுப்பு. அவன் வழக்கம்போல் தூங்கினால் போதும்.

ஆனால் தூங்கு என்று சொன்னால் எவனாவது தூங்குவானா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இமை துடித்தது. உதட்டோரம் சிரிப்பு ஒழுகியது. 

கடை வாசலில் வேன் நின்றது. எங்கள் நடைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இறங்கினார்கள்.

"என்ன, எல்லாருமே இங்க இறங்கறீங்க?"

"கடைசி நாள் மாமா. முஸ்தஃபா மாமா கடையில ஆளுக்கொரு சிராப் தண்ணி," என்றான் ஒருவன். நல்ல பையன்.

"சரி சரி. எனக்கு நேரமாச்சு, டவுன் பிள்ளைங்க காத்துக்கிட்டிருப்பாங்க," என்றபடி மாமா ஐமானைத் தூக்கித் தோளில் போட்டார். கடைக்குள் நுழைந்தார்.

"முஸ்தஃபா, உங்க அரிசி மூட்டை..."

 கடை நிறைய டவுன் பிள்ளைகள்! பள்ளிச் சீருடையோடு வரிசையாக நின்றார்கள்.

"அய்யய்யோ! நீங்க எப்படி இங்க? உங்களக் கூட்டிட்டு வரத்தானே நான் போகணும்!"

மாமா திரும்பி வாசலைப் பார்த்தார். ஓடப் போகிறார்! ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். தோளில் கிடந்த ஐமான் கண்ணைத் திறந்து, இரண்டு கையாலும் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மாமா, இன்னிக்கு நான்தான் உங்களப் புடிச்சிருக்கேன்!"

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றேன்.

எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம்: "யச்ஙி, லாலா!"

நன்றி என்று சொன்னால்தானே அவர் ஓடுவார்? கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள். மாமாவுக்கு மட்டும் புரிந்தது. உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிப் பார்த்தார். அவர் மீசை நடுங்கியது.

ஊதா நிறக் கிளிப் போட்ட ஒருத்தி முன்னால் வந்து அவர் கையில் புதுப் பையைக் கொடுத்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஹேமா!"

"நஸீஹா!"

நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஒரு வருடம் பேசிய தோழியின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

மாமா பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். காலுறை, பென்சில், ரிப்பன், பிளாஸ்டிக் பை. மழைத் தண்ணீரில் நின்றபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், ஒரு ஜோடிக் காலுறையைப் பார்த்து அழுதார்.  அத்தா அவரை உட்கார வைத்து, சோற்றில் குழம்பை ஊற்றினார். அன்றுதான் மாமா எங்கள் கடையில் அவசரப்படாமல் சாப்பிட்டார்.  போகும்போது எல்லார் தலையையும் தொட்டுவிட்டுப் போனார்.

என் பூட்டோடு அந்தப் பெட்டியை நான் வேனிலேயே மறந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. காலிப் பெட்டிதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. வேனை அப்துல் ரஹீம் அண்ணன் ஓட்டி வந்தார். ஓட்டுநர் இருக்கையின் பின்னால் நாங்கள் கொடுத்த பை தொங்கியது.

"மாமாதான் இத இங்கயே மாட்டச் சொன்னாரு. பிள்ளைங்க மறந்துட்டு வருவாங்களாம்," என்றார் அண்ணன். "அப்புறம் தங்கச்சி, இது உன் பெட்டியா? பூட்டியிருக்கு. சாவி எதுவும் அவரு கொடுக்கலலா."

பூட்டியிருக்கா? நான் திறந்துதானே விட்டுவிட்டு வந்தேன்? ஹேமாவும் கடைசி நாள் மாலை வேனில் ஏறவே இல்லையே!

என் பூட்டை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அதில் மீரான் மாமாவும் உண்டு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

பென்சில் பெட்டியிலிருந்து சாவியை எடுத்தேன்.  பெட்டிக்குள் ஒரே ஒரு தாள். குண்டு குண்டான எழுத்து. முதல் வரி, 'யச்ஙி, யஸீஹா. யச்ஙி, ஹேலா.' அவருக்குத் தெரிந்த எண் மூன்று மட்டும்தானே! மீதி வரிகளை மடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் தள்ளிப் படித்தேன்.

'நேர்ல சொல்ல எனக்கு வராது. அதான் பெட்டியில போட்டேன். அன்னிக்குத் தண்ணியில நான் உங்களத் தூக்குனேன். கடைசி நாள் நீங்க எல்லாரும் சேர்ந்து என்னத் தூக்குனீங்க. உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்.'

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"அக்கா, ஏன் அழுவுறீங்க?" என்றான் ஐமான்.

"அழலடா. படிக்கிறேன்."

தாளை மடித்துச் சாவியோடு சேர்த்து வைத்தேன். எனக்கும் மாமாவிடம் சொல்ல நிறைய இருந்தது. மாமாவைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது.

"அண்ணே, வாரக் கடைசியில கெப்பாலா பத்தாஸ் போவீங்கதானே?"

"போவேன். ஏம்மா?"

"மாமாகிட்ட ஒரு பூட்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. திறந்தே கொடுத்தனுப்பச் சொல்லுங்க. சாவி மட்டும் அவர்கிட்டயே இருக்கட்டும்."